தலையசைவை எண்ணிய கருவி

எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் தொழில்நுட்பச் செய்தி எழுதும் யோர்தாங்கா, எது வந்தாலும் "இதனால யாருக்கு என்ன?" என்றுதான் கேட்பாள். போன மாதம் நகராட்சி ஓர் அறிக்கை அனுப்பியது. ஒன்பதாம் எண் பேருந்தை நிறுத்த நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சம்மதித்தார்களாம். தலையசைவைப் படிக்கும் புதுக் கருவி எண்ணிச் சொன்னதாம். யோர்தாங்கா வேலைக்குப் போவதே அந்தப் பேருந்தில்தான்.

நேரே பேருந்து நிறுத்தத்துக்குப் போனாள். "இந்தப் பேருந்தை நிறுத்தலாமா?" என்றது அங்கே பொருத்தியிருந்த கருவி. மிளகாய் மூட்டையோடு நின்ற பெண் தலையை மேலும் கீழும் ஆட்டினாள். பல்கேரியர்களான எங்களுக்கு அது 'கூடாது'; வெளிநாட்டுக் கருவிக்கு 'சரி'.

துணை மேயர் க்ராசிமிரை யோர்தாங்கா கையோடு இழுத்து வந்தாள்.

"மெஷின் பொய் சொல்லுமாக்கா?"

"சொல்லாதுப்பா. நீயே பதில் சொல்லிப் பாரு."

கேள்வியை மாற்றித் தட்டினாள். "துணை மேயரின் காரைப் பிடுங்கிவிடலாமா?" என்றது கருவி.

க்ராசிமிர் பதறிப்போய், கழுத்து சுளுக்கும்படி தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

"சம்மதத்துக்கு நன்றி" என்றது கருவி.

"சாவியக் குடு ராசா, இனிமே நாங்க அதுல போய்க்கறோம்!" என்றாள் மிளகாய்க்காரி.

யோர்தாங்கா இதைப் பற்றிய கட்டுரையை எழுதி முடித்தது, மறுநாளும் ஓடிய ஒன்பதாம் எண் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில்.