மூலை நிறுத்தத்து மைக் அக்கா

கருத்துக் கேட்புக் கூட்டம் என்று யாராவது சொன்னாலே எனக்கு வயிறு எரியும். வருஷக்கணக்காக எரிகிற வயிறு. இந்த ரோட்டை அகலப்படுத்தியபோது என் பஞ்சர் கடையின் முன்பாதி போனது. போகட்டும். பள்ளிக்கூடக் கூடத்தில் உட்கார வைத்து, உங்கள் கருத்து என்ன என்று கேட்டார்களே, அப்போதே எல்லைக் கல் வெள்ளையடித்து, நம்பர் எழுதி, வாசலில் வண்டியில் காத்திருந்தது. அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் நான் போனதில்லை.

எனக்கும் சேர்த்துப் போகிறவர் பக்கத்துக் கடைத் தையல்காரம்மா. நாற்காலி விரிப்பதற்கு முன்னாலேயே போய்விடுவார். விரிக்கிறவருக்குக் கைகொடுத்துவிட்டு முதல் வரிசையில் ஓரமாக உட்காருவார். கழுத்தில் அளவு நாடா தொங்கும். மறதி இல்லை. நாம் யாரென்று அவர்களுக்குத் தெரிய வேண்டுமாம். பாலமோ ரயிலோ, எந்தத் திட்டமானாலும் மைக் கைக்கு வந்தால் ஒரே பேச்சுதான்: எங்கள் தெரு மூலை பஸ் நிறுத்தத்தில் கை வைக்காதீர்கள். தெருவில் மைக் அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது.

காரணம் அவருடைய வீட்டுக்காரர். கிட்னி போன மனிதர். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். போகும்போது நடப்பார். வரும்போது பிழிந்து போட்ட துணி. மூலையில் பஸ் நின்றால் எப்படியோ வீடு சேர்ந்துவிடலாம். ஆட்டோவில் ஆசைக்கு ஒருநாள் ஏறலாம். ஆயுசுக்கும் ஏற முடியுமா?

தையல்காரம்மா குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். ஊசியும் விழாது, பேச்சும் நிற்காது. தொண்டை கிழியக் கத்தி இதுவரை என்ன கிழிந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

"கேக்கறது அவங்க வேலை, சொல்றது நம்ம வேலை. செய்யறது யாரு வேலைன்னு அடுத்த கூட்டத்துல கேப்போம்ணே."

போன வருஷம் புதுத் திட்டம் வந்தது. வட்டாரம் முழுக்க பஸ் வேகமாக ஓட வேண்டுமாம். அதற்கு நிறுத்தங்களைக் குறைக்க வேண்டுமாம். எதைக் குறைப்பது என்று மக்களே சொல்ல வேண்டுமாம். மேசைமேல் பெரிய வரைபடத்தை விரித்து, ஒட்டுவதற்குச் சிவப்பிலும் பச்சையிலும் வட்டவட்டக் காகிதம் கொடுத்தார்கள். வேண்டிய நிறுத்தத்துக்குப் பச்சை, வேண்டாததற்குச் சிவப்பு. அதிகாரி எழுந்து இதை விளக்குவதற்குள் தையல்காரம்மா வேலையை முடித்துவிட்டார். முதல் ஆள் அல்லவா.

அவர் கடையில் துணிமேல் சிவப்புச் சாக்பீஸ் பட்டால், இந்த இடத்தை முதலில் கவனி என்று அர்த்தம். அதே கை. எங்கள் மூலையில் சிவப்பாகவே ஒட்டினார், கையில் இருந்த அத்தனையும். பின்னால் வந்த தெருக்காரர்களையும் ஒட்ட வைத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினார். விளக்கத்தைக் கேட்ட ஓரிருவரும், மைக் அக்காவுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டார்கள்.

சில மாதத்தில் நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடுங்கினார்கள். இனி பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்குமாம். தையல்காரம்மா ஆபீசுக்கு ஓடினார். மக்கள் விருப்பப்படிதான் என்று வரைபடத்தையே எடுத்துக் காட்டினார்களாம். எங்கள் மூலை அம்மை போட்ட முகம்போலச் சிவந்து கிடந்ததாம். தெரியாமல் ஒட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார். கருத்துக் கேட்பு முடிந்துவிட்டது, அடுத்த திட்டத்துக்கு வாருங்கள் என்று குடிக்கத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்களாம். மரியாதைக்குக் குறைச்சலில்லை.

நான் அவர்களை வாயில் வந்தபடி திட்டினேன். அவர் விடவில்லை.

"அவங்கள ஏண்ணே திட்டறீங்க. அவங்க கேட்டாங்க. நாந்தான சொன்னேன்."

தெரு சும்மா இருக்குமா? பாலத்துக்கு அந்தப் பக்கம் இறங்கி நடந்து வருகிறவர்கள் அவர் கடையைத் தாண்டும்போது, அடுத்து எதைப் பிடுங்கலாம் அக்கா என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவர் மெஷினை வேகமாக மிதிப்பார்.

போன மாதம் இன்னொரு கூட்டம். போனார். மைக் கொண்டுவருகிறவர் பழக்கதோஷத்தில் நேராக அவரிடம் நீட்டினாராம். வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டாராம்.

இப்போது வீட்டுக்காரரைப் பாலத்துக்கு அப்பால் இறக்கி, தோளில் சாய்த்துக்கொண்டு வெயிலில் வருகிறார். பாதி வழியில் அந்த மனிதர் நின்றுவிடுகிறார். இனிமேல் என்னைக் கூட்டிப் போகாதே, விட்டுவிடு என்று ரோட்டோரத்தில் நின்று சொல்கிறாராம். நேற்றுக் காலை தையல்காரம்மா என் கடை வாசலில் வந்து நின்றார். வாயில் ஊசி இல்லை.

"அண்ணே, உதவாத லாரி டயர் ஒண்ணு இருந்தா, பாலத்தைத் தாண்டி அந்த மதிலோரமாப் போட்டு வைங்க. அவரு கொஞ்சம் உக்காந்து வரட்டும்."

இரண்டாகவே போடுகிறேன் என்றேன்.

"ஒண்ணு போதும்ணே. நான் நின்னுக்கறேன்."