கேள்விக்கு வராத வரி

என் பழைய மாணவர்களின் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் பென்சில் அடைப்புக்குறிகள் இருக்கும். எல்லாம் நான் போடச் சொன்னவை. பாடத்தை ஒரு தடவை சத்தமாக வாசிக்க வைப்பேன், உடனே கேள்விகளுக்குத் தாவிவிடுவேன். "கேள்வியில என்ன வார்த்தை இருக்கு? அதே வார்த்தை பாடத்துல எங்க வருதுன்னு பாருங்க. அந்த வரிக்கு பிராக்கெட் போட்டு நம்பர் எழுதிக்குங்க." அவ்வளவுதான் பாடம். வேப்பந்தட்டைப் பக்கம், தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டே பேர் வேலை பார்க்கும் பள்ளியில் பல வருஷம் இப்படித்தான் வண்டியை ஓட்டினேன். பிள்ளைகள் மதிப்பெண் வாங்கினார்கள், எனக்கும் நல்ல பெயர் கிடைத்தது.

அந்த வேலையில் என்னையே மிஞ்சியவள் ஒருத்தி இருந்தாள். அப்பாவும் அம்மாவும் கூலி வேலைக்குப் போகிறவர்கள், எழுத்து தெரியாதவர்கள். அவளோ மூச்சு விடாமல் வாசிப்பாள், ழகரம் ஒரு இடத்தில்கூடப் பிசகாது. கேள்வியை நான் முடிப்பதற்குள் அவள் பென்சில் சரியான வரியில் நிற்கும். யார் பார்வையிட வந்தாலும் அவளைத்தான் எழுப்புவேன். ஒருமுறை வந்த அதிகாரி அவள் வாசித்த கதையைக் கேட்டுவிட்டு, "இருந்த சோத்த தம்பிக்குக் குடுத்துட்டு அண்ணன் ஏம்மா பசிக்கலன்னு சொன்னான்?" என்றார். அவள் பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினாள். "அது பாடத்துல இல்ல சார்" என்றாள். அவர் போன பிறகு எனக்கு அவர்மேல்தான் கோபம் வந்தது. பாடத்தில் இல்லாததைக் கேட்டால் குழந்தை எங்கே போகும் என்று தலைமையாசிரியரிடம் பொரிந்து தள்ளினேன்.

அந்தத் தையில் மக்காச்சோளக் கதிர் ஒடிக்கப் போன இடத்தில் அவள் அப்பாவின் கண்ணைத் தோகை அறுத்துவிட்டது. டவுன் ஆஸ்பத்திரியில் மருந்தோடு தமிழில் அச்சடித்த சீட்டு ஒன்றும் கொடுத்து அனுப்பினார்கள். அவள்தான் தினமும் சாயங்காலம் அதை முதலிலிருந்து கடைசிவரை மூச்சு விடாமல் வாசித்துக் காட்டியிருக்கிறாள். அந்த வேகத்தில், அந்தப் புத்தகத் தமிழில் பெற்றவர்களுக்கு எதுவும் பிடிபட்டிருக்காது. மூன்றாம் நாள் வலி தாங்க முடியாமல் போயிற்று. "எப்ப வரச் சொல்லியிருக்குடி?" என்று அம்மா கேட்டிருக்கிறாள். "திங்கக்கெழம" என்று அவள் பதில் சொல்லியிருக்கிறாள். திங்கட்கிழமைவரை அந்த மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். அதற்குள் கண் போய்விட்டது.

செய்தி தெரிந்து பார்க்கப் போனேன். "வாங்க டீச்சர்" என்று எழுந்து உட்கார்ந்தவர், பேச்சோடு பேச்சாக அந்தச் சீட்டை எடுத்துக் காட்டினார். "இத ஒரு எழுத்து தப்பாம படிச்சிச்சு டீச்சர். எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்தது." அதில் பெருமைதான் இருந்தது. சீட்டை வாங்கிப் பார்த்தேன். 'மீண்டும் வர வேண்டிய நாள்' என்ற வரிக்குப் பென்சிலில் அடைப்புக்குறி போட்டு, ஓரத்தில் '1' என்று எழுதியிருந்தாள். அதற்கு நேர் கீழே, வலி கூடினாலோ பார்வை மங்கினாலோ அந்த நாள்வரை காத்திருக்காமல் உடனே வரவும் என்று இருந்தது.

வெளியே குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு அந்த வரியை வாசிக்கச் சொன்னேன். வகுப்பில் வாசிப்பதைப் போலவே கணீரென்று வாசித்தாள். "அப்பாவுக்கு வலி கூடுச்சே, அப்ப இது ஞாபகம் வரலையா?" என்று கேட்டேன்.

"அது கேள்விக்கு வரல டீச்சர்."

உன்மேல் தப்பில்லை என்று மட்டும் அவளிடம் சொன்னேன். யார்மேல் தப்பு என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன்.

இப்போது என் வகுப்பில் யாரும் வரிகளைக் குறிப்பதில்லை. ஒரு பத்தியைப் படிப்போம். அப்புறம் இது ஏன் நடந்தது, நீயாக இருந்தால் என்ன செய்வாய் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பெரும்பாலும் பிள்ளைகள் விழிப்பார்கள். என்றைக்காவது ஒரு குழந்தை தயங்கித் தயங்கி, "தம்பிக்குப் பத்தாதுல்ல டீச்சர், அதான் அண்ணன் அப்பிடிச் சொல்லியிருப்பான்" என்று சொன்னால் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடுவேன். பாடம் முடியவில்லை, மதிப்பெண்ணும் இறங்கிவிட்டது. நான் ஒரு பத்தியிலேயே குடித்தனம் நடத்துவதாகத் தலைமையாசிரியர் கிண்டல் செய்கிறார்.

இந்த ஜூனில் அவள் அப்பா சின்ன மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அழைத்து வந்தார். முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "பெரியவ பத்தாவது பாஸாயிட்டா டீச்சர். சின்னதையும் அக்கா மாதிரியே படிக்க வச்சிருங்க."

"அக்கா மாதிரி வேண்டாங்க" என்று என்னை அறியாமல் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் சுருங்கியது. மகளைக் குறை சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். "ஏன் டீச்சர் அப்பிடிச் சொல்றீங்க? எனக்குக் கண்ணுக்கு முடியாம கெடந்தப்பகூட அந்தப் புள்ளதான தெனமும் சீட்டப் படிச்சுச் சொல்லுச்சு?"

பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தார். நான் தலையைக் குனிந்து, சேர்க்கைப் படிவத்தில் சின்னவளின் பெயரை எழுதத் தொடங்கினேன்.