பன்னிரண்டு பக்கம் குறைந்த பேய்

படத்தை நிறுத்திவிட்டு, சின்னத்தம்பி விரலில் எச்சில் தொட்டு நாவலைப் புரட்டுகிறார். தொலைக்காட்சியில் பேய் வாயைப் பிளந்தபடி நிற்கிறது. நாவலில் அதே இடம் அகப்படும்வரை அது அலறக் கூடாது. லாபிஸ் ஊரில் இவருடைய டோபிக் கடைக்கு, வெளுக்கப் போட்ட துணியை வாங்கப் போகிறவர்கள் அரை மணி நேரத்தைக் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

நாவலின் பெயர் ‘வடக்கறை மணமகள்’. மாளிகையின் வடக்கு அறையில் பூட்டப்பட்டு நாற்பது வருடம் பேயாய்க் கிடந்த பெண்ணின் கதை. படித்தால் தூக்கம் போய்விடும். அதைக் கிண்டல் செய்து எடுத்த படம் ‘மணமகள் மிஸ்ஸிங் லா’. பார்த்தால் வயிறு வலிக்கும். மனிதர் இரண்டையும் வரிக்கு வரி ஒத்துப் பார்க்கிறார். நாவலில் மாடிப்படி பதின்மூன்று, படத்தில் பதினொன்று. நாவலில் ஆந்தை, படத்தில் கோழி. அது கிண்டல் படம்தானே என்றால் காதில் ஏறாது. எல்லாவற்றையும்விட அவரை வதைப்பது சேலை.

“நாப்பது வருசம் பூட்டுன ரூம்ல இருந்திருக்கா. மடிப்புக்கூட கலையல. எந்த டோபில போட்டா லா?”

பேயின் சேலைக்குப் படுகிற கவலையில் பாதியை வீட்டுத் துணிக்குப் பட்டால் தேவலை என்று, இஸ்திரி மேசையிலிருந்து அவர் மனைவி புஷ்பவள்ளி முனகுவார்.

பையை மூன்று முறை துழாவாமல் யாருடைய கால்சட்டையையும் சின்னத்தம்பி மெஷினில் போடமாட்டார். ஊருக்குத்தான் உபதேசம்! இருபத்திரண்டு வருடத்துக்கு முன், நாவலிலிருந்து கழன்று வந்த கடைசிப் பன்னிரண்டு பக்கங்களை, ரயிலில் படிக்கலாமென்று தன் சட்டைப்பையில் வைத்தார். அந்தச் சட்டையைத் தானே மெஷினில் போட்டார். கூழாக வந்தது. வேறு பிரதி எங்கும் கிடைக்கவில்லை. வடக்கறைக் கதவு திறந்ததா, அந்தப் பெண் வெளியே வந்தாளா என்பது அவருக்குத் தெரியாமலே போயிற்று.

பிறகுதான் படம் வந்தது. அதில் அவள் கதவை உதைத்துத் திறந்து, மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளிலேயே ஏறிப் போய்விடுகிறாள். மாப்பிள்ளை செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடுகிறான். கடையே சிரிக்கும். சின்னத்தம்பி மட்டும் யாருடைய துண்டிலோ கண்ணைத் துடைத்துக்கொள்வார். வாரம் தவறாமல் அங்கே துணி போடும் என்னிடம் ஒவ்வொரு முறையும் சொல்வார்: “வெளிய போய்ட்டா, தம்பி.”

போன வாரம் ஜொகூர் பாருவில், பழைய புத்தகக் குவியலில் நாவலின் முழுப் பிரதி ஒன்று எனக்குச் சிக்கியது. என் கை சும்மா இருக்குமா? பஸ்ஸிலேயே கடைசிப் பன்னிரண்டு பக்கத்தையும் படித்துத் தொலைத்தேன்.

நான் கடைக்குள் நுழைந்தபோது, மணமகள் மோட்டார் சைக்கிளை உதைக்கக் காலைத் தூக்கியபடி திரையில் நின்றிருந்தாள். புத்தகத்தை நீட்டினேன். “அலமாக்” என்று வியந்து இரண்டு கையாலும் வாங்கினார். பின்பக்கத்துத் தாள்களின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிரிக்கவில்லை.

“கதவு தொறக்குதா, தம்பி?”

எனக்குப் பொய் சரளமாக வரும். அன்று பார்த்து, ‘தொறக்குது’ என்ற ஒரு வார்த்தை வரவில்லை. புஷ்பவள்ளி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

சின்னத்தம்பி என் முகத்தைப் பார்த்தார். பிறகு, துணிகளில் நம்பர்ச் சீட்டு அடிக்கும் ஸ்டேப்ளரை எடுத்தார். கடைசி ஆறு தாளைச் சேர்த்துப் பிடித்து, மூன்று ஓரத்திலும் வரிசையாக அடித்தார். தடவிப் பார்த்து, இடைவெளி தெரிந்த இடத்தில் இன்னும் ஒன்று அடித்தார். அப்புறம் ரிமோட்டை அமுக்கி, மணமகளைப் போகவிட்டார்.