ராடன் பேணியும் மாலை விளக்கும்

இத்தாலியின் பலெர்மோ ஜன்னல்களில் வாழும் ஊர். அடுப்பில் என்ன வேகிறது, யாரோடு கோபம் என்பதையெல்லாம் ஜன்னலுக்கு ஜன்னல் சொல்லிவிடுவார்கள். அந்த ஊரில் சென்ற மாரியில் சில நாட்கள் நாங்கள் எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு வாழ்ந்தோம். காரணம், பின்னறை அலுமாரியின் மேல் இருந்த கரித்தூள் நிரப்பிய ஒரு சிறிய தகரப் பேணி.

கால்சா என்ற பழைய பகுதியில் நாங்கள் வாடகைக்கு இருந்த தரைத்தள வீட்டை உரிமையாளர் எங்களுக்கே விற்கச் சம்மதித்திருந்தார். என் மனைவி ரஞ்சி வேலை செய்யும் வீட்டுச் சின்யோராவின் மருமகன் மண்ணியல் படித்தவர். “பழைய வீடு, அடியில் நிலவறை. நிலத்திலிருந்து ராடன் என்ற வாயு கசியலாம். மணமோ நிறமோ இல்லை. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலைக் கெடுக்கும். அளக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள்” என்றார். பின்னறையில்தான் எங்கள் மகள் படுக்கிறாள். அளவு கூடினால் இந்த வீடு வேண்டாம் என்று முடிவெடுத்தோம். வாயுவை உறிஞ்சி அளவு காட்டும் கரிப் பேணியை அவரே கொண்டுவந்து வைத்து, திரும்ப எடுக்கும்வரை கதவு ஜன்னலைத் திறந்து வைக்கக் கூடாது என்றார்.

எங்கள் சொந்த ஊரில் என் தகப்பனார் காணி வாங்கப் போனபோது கிணற்றில் ஒரு வாளி அள்ளி, வாயில் விட்டுப் பார்த்தார். உவர் இல்லை என்றபிறகே விலை பேசினார். நிலம் விடும் காற்றையும் சோதிக்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

பேணியை எடுக்க வந்த மருமகன் வீடு பூட்டியே இருந்ததா என்று கேட்டபோது எதிர்வீட்டு அம்மா தொன்னா பீனா எட்டிப் பார்த்துச் சிரித்தார். “எங்கே பூட்டி வைத்தார்கள்? மாலையானால் கதவு ஆவென்று கிடந்ததே!”

நான் ரஞ்சியிடம் திரும்பினேன். “திறந்தனீரோ?”

“ஓம், விளக்கு வைக்கேக்கை மட்டும். லட்சுமி வாற நேரம் கதவைச் சாத்தி, மூதேவியை உள்ளுக்கை வைச்சுப் பூட்டச் சொல்லுறியளோ?”

மருமகனுக்கு இத்தாலியனில் விளக்கினேன். அவர் அக்கறையாகக் கேட்டார்: “அந்த அம்மையாரை வேறு நேரத்தில் வரச் சொல்ல முடியாதா?” நான் அதை ரஞ்சிக்குச் சொல்லவில்லை. சோதனை பழுதாகிவிட்டது. அவர் புதிய பேணி வைத்துவிட்டுப் போனார்.

இம்முறை ரஞ்சி விளக்கை வெளியே கொண்டுபோய், கதவைச் சாத்திவிட்டு, வாசற்படியில் ஏற்றினாள். “லட்சுமி கொஞ்ச நாளைக்கு வெளியிலை நிக்கட்டும். கோவிக்க மாட்டா.” தொன்னா பீனா சிலுவை போட்டுக்கொண்டு, எந்தப் புனிதைக்கு என்று கேட்டார். “வீட்டுக்கு” என்றாள் ரஞ்சி. அவருக்கு அது போதும். மறுநாள் படியில் பூ இருந்தது.

அளவு குறைவு என்று முடிவு வந்தது. மகளின் அறையிலும் பயமில்லை. கையெழுத்து வைத்தோம். அன்று மாலை ரஞ்சி கதவை அகலத் திறந்து, சுவாமிப் படத்தடியில் விளக்கேற்றினாள். பூவோடு வந்த தொன்னா பீனா வெறும் படியைப் பார்த்தார். “வீடு கிடைத்ததும் புனிதையை மறந்தாச்சா?”

ரஞ்சி உள்ளே போய் இன்னொரு விளக்கு எடுத்துவந்தாள்.

இப்போது தினமும் இரண்டு எரிகின்றன. உள்ளே இருப்பது அசைவதில்லை. படியில் இருப்பது கடற்காற்றில் சாய்ந்து நிமிர்கிறது. வேலை முடிந்து வந்து திறந்த கதவில் கதிரையைப் போட்டு உட்காருகிறேன். உள்விளக்கு என் நிழலைத் தெருவில் போடுகிறது. வெளிவிளக்கு அதை வீட்டுக்குள் போடுகிறது.