ஆலாவும் நானும் ஒரு மைக்ரோமீட்டரும்

"ஏன்டா இப்டி ஆலாப் பறக்கற?" என்று திட்டு வாங்கியே வளர்ந்தவன் நான். ஆலா என்றால் காற்றில் அலையும் ஆலிலை என்று நானே ஒரு பொருளும் வைத்திருந்தேன். எங்கள் பக்கம் கடல் என்றால் கிருஷ்ணகிரி அணைதான், வேறென்ன தெரியும்?

எண்பதுகளில் ஓசூர்த் தொழிற்பேட்டையில் டிரெய்னியாக இருந்தேன். ஆயுத பூஜையன்று, பொரி பொட்டலம் கொடுக்கும் நேரத்தில், டூல் ரூமில் ஒரு மைக்ரோமீட்டரைக் காணவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான்.

"ஏனப்பா, பஸ் கிளம்பறதுக்குள்ள அது வரணும். இல்லாட்டி பர்மனென்ட்ட மறந்துடு, ஆய்த்தா?" என்றார் கன்னடக்கார சூப்பர்வைசர்.

அவ்வளவுதான். இரும்புச் சுருள் தொட்டியைக் கிளறினேன். கக்கூஸ், கேன்டீன், சைக்கிள் ஸ்டாண்டு எல்லாம் ஓடினேன். மயிரிழையை அளக்கும் கருவியை என் டிபன் பாக்ஸிலும் தேடினேன். மிச்சமிருந்த புளிசாதம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

என்னோடு டிரெய்னியாகச் சேர்ந்த தூத்துக்குடிக்காரன் நிதானமாகப் பொரி தின்றுகொண்டிருந்தான்.

"எலேய், ஏம்ல ஆலாப் பறக்க?"

"உங்க ஊர்லயும் ஆலிலைதானா?"

"எலையா? கடல் பறவைல அது! வெள்ளையா, வால் பிளந்து இருக்கும். வலைய இழுக்கையில தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்தும். அதப் பாத்துத்தான் இந்தப் பேச்சே வந்துச்சு. ஆனா அது கீழ பாத்துக்கிட்டே பறக்கும். மீனு கண்ணுல பட்டாத்தான் பாயும். நீ எதப் பாத்துல ஓடுத?"

சொல்லிவிட்டு, பொரி அடைத்த வாயோடு சாமி படத்தின் பக்கம் தாடையைக் காட்டினான். பூஜைப் பலகையில், சாமந்திக்கு நடுவே, சந்தனமும் குங்குமமுமாக மைக்ரோமீட்டர் அருள்பாலித்துக்கொண்டிருந்தது. காலையில் பக்தி முற்றி அதற்கு அலங்காரம் செய்தவன் வேறு யார்? சற்று முன் கற்பூரம் காட்டியபோது அதன் முன்னால்தான் பர்மனென்ட் வேண்டிக் கண்மூடி நின்றேன்.

பாய்ந்து எடுக்கப் போனேன். சூப்பர்வைசர் கையைத் தட்டிவிட்டார். "பூஜைக்கி வெச்சத இன்னிக்கித் தொடலாமா? நாளைக்கி எடு." தானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் ஏறினார்.

மறுநாள் காய்ந்த சந்தனத்தை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டினேன். பின்னால் பர்மனென்ட்டும் வந்தது, வேண்டுதல் சரியான இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

இன்றும் சாவியைத் தேடும்போது மனைவி, "ஆலாப் பறக்காதீங்க" என்கிறாள். அந்தப் பறவைக்கு மீன் எங்கே என்று தெரியும், அதை என்னோடு சேர்த்துக் கேவலப்படுத்தாதே என்கிறேன். சாவி சட்டைப் பையில் இருக்கிறது.