வானில்தான் போவோம் என்றேன்

ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்தபோது, படுக்கையும் அடுப்பும் உள்ள எங்கள் பழைய டீசல் வானையும் கூடவே கொண்டுவந்தோம். மனைவிக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று டாக்டர் சொன்ன மாதத்தில் வானும் ஓடாமல் நின்றது. அவள் ஒரே ஒரு தடவை கடலைப் பார்க்க வேண்டும் என்றாள்.

வானைத் திருத்தக் கராஜ் கராஜாக அலைந்தேன். சில இடங்களில் வானின் உயரத்துக்கு வாசல் போதாது என்றார்கள். மற்ற இடங்களில், இவ்வளவு பழையதற்குப் பாகம் கிடைக்காது என்றார்கள்.

"இஞ்சருங்கோ, ரயிலில போவமே," என்றாள்.

"கொஞ்சம் பொறும். வானிலயே கூட்டிக்கொண்டு போறன்."

ரயிலில் ஒரு மணித்தியாலம்தான். ஆனால் எனக்கு வீம்பு.

கடைசியில் கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் ஒரு தமிழ் மெக்கானிக், மனைவியைக் கடலுக்குக் கூட்டிப்போகத்தான் என்று நான் சொன்னதும் வானை எடுத்துக்கொண்டார். பழுதான டீசல் பம்புக்கு மாற்று ஜெர்மனியிலிருந்து வர ஏழு வாரம் பிடித்தது. ஐந்தாவது வாரம் அவள் இறந்துபோனாள்.

மெக்கானிக்குக்குத் தெரியாது. போனில் சந்தோஷமாகச் சொன்னார்: "அண்ணை, ஸ்டார்ட் வந்திட்டுது. இனி அக்காவைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"அதை நீங்களே வைச்சிருங்கோ தம்பி," என்றேன்.

ஏன் அண்ணை என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தார். பிழை முழுவதும் என்னுடையது.