மூன்று சொல்வதற்குள்

இது நடுராத்திரியில் நடந்ததல்ல. வெயில் கொளுத்தும் மதியம் 3:10-க்கு, எங்கள் ஸ்டுடியோவில், என் கண்ணெதிரே நடந்தது. கதை விடுகிறேன் என்று நினைப்பவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. பத்துப் படங்களும் பத்திரமாக இருக்கின்றன. வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்டுடியோ அம்மாவுடையது. பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், இதுதான் தொழில். அம்மாவிடம் ஒரு தந்திரம் உண்டு. மூன்று எண்ணியதும் எடுப்பேன் என்பாள், ஆனால் இரண்டிலேயே அமுக்கிவிடுவாள். மூன்று வரை விட்டால் எல்லோரும் விறைத்துப்போவார்களாம். அமுக்கும்போது அவள் மோதிரம் கேமராவில் இடிக்கும். டொக்... க்ளிக். இந்தச் சத்தம் கேட்டே வளர்ந்தவள் நான்.

ஊரார் முகத்தையெல்லாம் உற்று உற்றுப் பார்த்தவள், தன் கழுத்தில் வளர்ந்த கட்டியை மட்டும் கண்டுகொள்ளவில்லை. தெரிந்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. அவள் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது. இது குடும்பத்தில் தொடரக்கூடியது, மகள்கள் இரண்டு பேரும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். நான் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். போகாததற்கு அக்கா என்னைத் திட்டுவாள். அவளும் போகவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அக்கா மேல், வாடிக்கையாளர்கள் மேல், சொல்லாமல் கொள்ளாமல் போன அம்மா மேலும். அவள் சாயல் என்னிடம் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்கத் தோன்றியது. கடை காலியாகிற மதிய நேரத்தில், அவள் கேமராவிலேயே என்னை நான் எடுக்க ஆரம்பித்தேன்.

“துக்கத்துல செல்ஃபி கேக்குதா உனக்கு?” என்றாள் அக்கா.

நாற்காலியில் தலையணையை நிறுத்தி, என் முகம் வரும் இடத்தில் ஃபோகஸ் வைப்பேன். டைமரைப் பத்து வினாடிக்குத் தட்டிவிட்டு ஓடிப்போய் உட்காருவேன். கடைசி மூன்று வினாடியை வாய்விட்டு எண்ணுவேன்.

முதல் நாள் முகம் மங்கல். இரண்டாம் நாளும் மங்கல். ஆனால் கழுத்தின் இடப்பக்கம் மட்டும் பூனைமுடி தெரிகிற அளவுக்குத் துல்லியம். லென்ஸைத் துடைத்தேன். நாற்காலிக்காலைச் சுற்றித் தரையில் டேப் ஒட்டினேன். மூன்றாம் நாளும் அதே கழுத்து! ஆத்திரத்தில் தலையணையைச் சுவரில் விட்டெறிந்தேன்.

ஐந்தாம் நாள்தான் இன்னொன்றைக் கவனித்தேன். ஒண்ணு... ரெண்டு... க்ளிக். என்னை மூன்று சொல்ல விடவே இல்லை.

ரிப்பேர்காரரிடம் கொடுத்தேன். ஒரு குறையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்பதாம் நாள். மணி 3:10. கதவைத் தாழிட்டேன். மின்விசிறியை நிறுத்தினேன். டைமரைத் தட்டிவிட்டு உட்கார்ந்தேன்.

பீப்... பீப்... பீப்...

ஒண்ணு.

ரெண்டு...

டொக்.

க்ளிக்.

கேமரா என்னிடமிருந்து எட்டடி தள்ளி இருந்தது.

அம்மாவின் மோதிரம் என் விரலில் இருந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியவில்லை. கேமராவோடு நேராக ரிப்பேர்காரர் முன்னால் போய் நின்றேன். படத்தோடு பதிவாகும் விவரங்களை அவர் கம்ப்யூட்டரில் திறந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“டைமர்லயா எடுத்தீங்க? இது ஒன்பதுமே கையால அமுக்கி எடுத்தது. யாரு எடுத்தா?”

மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் இருந்தேன். கழுத்தின் இடப்பக்கம், மிளகளவு கட்டி. இப்போதே வந்தீர்களே, பிழைத்தீர்கள் என்றார் டாக்டர். எடுத்துவிட்டார்கள்.

பத்தாவது படம் போன ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. என்னைக் கிண்டல் செய்ய வந்த அக்காவையும் பக்கத்தில் உட்காரவைத்தேன். இரண்டில் க்ளிக்.

என் முகம் முதல் தடவையாகப் பளிச்சென்று விழுந்திருக்கிறது.

அக்காவின் முகம் மங்கல்.

அவள் கழுத்து மட்டும்...

காட்டினேன். கெஞ்சினேன். கத்தியும் பார்த்துவிட்டேன்.

“ஃபோகஸ் போயிடுச்சு. கேமராவ மாத்துடி” என்று சிரிக்கிறாள்.